நேசமணி ஐயாவை டிவி தொடராக எடுக்கலாமா? நடிகர் முகம் வந்தால் நிஜ முகம் போய்விடாதா?

தக்கலை டீச்சர்

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டிலனாய் கல்லறை முன்னால் நிற்க வைத்து, 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றது, பிடிபட்ட டிலனாய் பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்தது, 1777-ல் ஊர் திரும்பாமலே இங்கே இறந்தது என்று தொண்டை வற்றச் சொன்னேன். முடித்ததும் ஒரு பையன், "இவராட்டு யாரு டீச்சர் நடிச்சது?" என்று கேட்டான். யாரும் நடிக்கவில்லை என்றதும் அவன் முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது.

அதே வகுப்பில் அக்பரின் மனைவி பேர் கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவார்கள். ஜோதா! அம்மாக்கள் ஜீ தமிழில் பார்த்த டப்பிங் தொடர், இப்போது பிள்ளைகள் போனில் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். அக்பர் காலத்து அக்பர்நாமாவிலும், மகன் ஜஹாங்கீர் எழுதிய நினைவுக் குறிப்பிலும் அக்பரின் மனைவிக்கு அப்படி ஒரு பேரே கிடையாது. ஜஹாங்கீரின் தாய்க்கு மரியம் உஸ் ஸமானி என்ற பட்டம் உண்டு, அவ்வளவுதான். அதைச் சொன்னால் நான்தான் தப்பாகச் சொல்கிறேன் என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

இப்போது நம்ம கன்னியாகுமரி மாவட்ட குரூப்புகளில், திருவிதாங்கூர் கொச்சியில் இருந்த நம்ம நாலு தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியை வெப் தொடராக எடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது. தாலுகா இணைப்புப் போராட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கும்போது, அதன் மேல் ஒரு கற்பனைக் கதையைப் பூசிவிட்டால் அப்புறம் சுரண்டி எடுக்க முடியாது.

கருங்கல் கேமரா

டீச்சர், கோபப்படாதீங்க, அந்தப் பையன் கேட்டதை வைத்து நான் நேர் எதிராகச் சொல்வேன். டிலனாயை யாரும் நடிக்காததால்தானே கல்லறை முன்னால் நிற்கும் வரை அவனுக்கு அந்தப் பேரே தெரியவில்லை? ஜோதாவைத் தப்பாகவாவது தெரிந்து வைத்திருக்கிறான், தப்பைத் திருத்த ஒரு டீச்சர் போதும், தெரியாததை என்ன செய்வது?

வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்றதும் உங்களுக்கு என்ன படம் மனதில் வருகிறது? 1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழனில் சிவாஜி இழுத்த செக்குதானே. என் வீட்டிலும் அதுதான். அந்தப் படத்தை டிவியில் போட்டபோது எங்க அம்மாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நான் வ.உ.சி.யைப் பற்றித் தேடிப் படித்தேன். பாடப் புத்தகம் அந்த வேலையைச் செய்யவில்லை.

இன்னொன்று. பத்மநாபபுரம் அரண்மனையில் டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் ஓவியம் இருக்கிறதே, அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்தாத டீச்சர் உண்டா? போர் நடந்து எவ்வளவோ காலம் கழித்து வரைந்தது. யார் எங்கே நின்றார், எப்படிக் குனிந்தார் என்பதெல்லாம் ஓவியர் மனதில் பார்த்ததுதான். அதை ஏற்றுக்கொள்கிற நாம் நடிகர் வந்ததும் மட்டும் ஏன் பயப்படுகிறோம்? நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன், என்றாவது ஒருநாள் நேசமணி ஐயா கதையை எடுக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அதனால் எனக்கு இது வெறும் வாதம் இல்லை.

தக்கலை டீச்சர்

தம்பி, ஓவியம் ஒரு காட்சியோடு நின்றுவிடும். தொடர் பேசும், அழும், ஒருவரை நல்லவராகவும் பக்கத்தில் நிற்பவரைக் கெட்டவராகவும் நாற்பது நிமிடம் காட்டிக்கொண்டே இருக்கும். அங்கேதான் என் பயம்.

சோனிலிவ்வில் 2022-ல் வந்த ராக்கெட் பாய்ஸ் பார்த்திருப்பாய். ஹோமி பாபாவாக ஜிம் சர்ப், விக்ரம் சாராபாயாக இஷ்வாக் சிங், நம்ம கலாமாக அர்ஜுன் ராதாகிருஷ்ணன். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாபாவுக்கு எதிரியாக ஒரு கற்பனை முஸ்லிம் விஞ்ஞானியைக் கொண்டு வந்தார்கள். நிஜத்தில் அணுசக்தித் திட்டத்தின் போக்கை வெளிப்படையாக விமர்சித்தவர் மேக்நாத் சாஹா. டாக்கா பக்கத்தில் ஏழைக் கடைக்காரர் வீட்டில், தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து, நட்சத்திரங்களின் வெப்பத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை உலகத்துக்குக் கொடுத்து, 1952-ல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்கும் போனவர். அவருடைய எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை எடுத்துவிட்டு, பொறாமையைப் போட்டு, பேரையும் மதத்தையும் மாற்றி ஒரு வில்லன். பாபா பேரும் சாராபாய் பேரும் அப்படியே இருக்கிறது, சாஹா மட்டும் காணாமல் போனார்! வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும், நாட்டின் ராக்கெட்டுக்குக் குறுக்கே நின்றவர் ஒரு முஸ்லிம் என்றுதானே. ராக்கெட் ஏவுகிற தும்பா நம்ம ஊரிலிருந்து ரெண்டு மணி நேரம், அங்கே வேலை பார்த்து ரிட்டயரானவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கருங்கல் கேமரா

சாஹா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

குழித்துறை வக்கீல்

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் குயின் தொடர் வந்தபோது ரம்யா கிருஷ்ணன் நடித்த பாத்திரத்துக்கு சக்தி சேஷாத்ரி என்று பேர் வைத்தார்கள். யாரைப் பற்றியது என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஜெயலலிதாவின் அண்ணன் மகள் வழக்குப் போட்டார், சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 2021-ல் வந்த தீர்ப்பில், ஒருவர் வாழும்போது தேடிய பேரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குச் சொத்து போல இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, நேசமணி ஐயா 1968-ல் காலமானவர், அவரைப் பற்றி யார் தொடர் எடுத்தாலும் குடும்பத்தாரே கூடத் தடுப்பது கஷ்டம். டீச்சர் வேண்டாம் என்பதால் வராமல் இருக்கப் போவதில்லை. எப்படி வர வேண்டும் என்று பேசினால் பிரயோஜனம் உண்டு.

பொறுப்புத் துறப்பு போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தூர்தர்ஷனில் 1990-ல் சஞ்சய் கான் நடித்த திப்பு சுல்தான் தொடர் வந்தபோது உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், இது நாவலை வைத்து எடுத்த புனைவு என்று ஒவ்வொரு வாரமும் எழுத்துப் போட்டுத்தான் ஓடியது. எங்கள் வீட்டில் அந்த எழுத்து வரும் நேரத்தில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடியில் நிற்பார், மற்றவர்கள் தெரியுதா தெரியுதா என்று கத்திக்கொண்டிருப்போம். யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. இன்று வரை திப்பு என்றால் எனக்கு சஞ்சய் கான் முகம்தான்.

வடசேரி பெரியவர்

பிள்ளைகளா, எனக்கு 70 வயசு. 1969 இடைத்தேர்தலில் காமராஜர் நாகர்கோவிலில் நின்றபோது எனக்குப் பதினாலு. நேசமணி காலமானதால் வந்த தேர்தல் அது. சொந்த ஊரான விருதுநகரில் 1967-ல் தோற்றவரை நம்ம ஊர் டெல்லிக்கு அனுப்பியது, 1971-லும் அனுப்பியது, அதில் எங்களுக்கு இன்னும் பெருமை உண்டு. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்று அவரைப் பார்த்தேன். அவர் பேசியது கொஞ்சம். வந்து முறையிட்டவர்களிடம் "ஆகட்டும் பார்க்கலாம்" என்பார், அதற்குள் அந்த வேலை முடிந்த மாதிரி சனங்களுக்கு ஒரு தெம்பு வரும்.

அவராக வேஷம் போட்டு டிவியில் வருகிறவர்களை எல்லாம் பார்க்கிறேன். வேட்டி சரியாக இருக்கும், சட்டை சரியாக இருக்கும், உயரம் கூடப் பொருந்தும். வாயைத் திறந்தால் அரைப் பக்க வசனம், பின்னால் வயலின். ஐயோ, அந்த மனிதர் அப்படிப் பேசவே மாட்டாரே என்று எனக்கு வயிறு எரியும். குறைவாகப் பேசியதால்தான் அவர் அவராக இருந்தார். சும்மா இருக்கும் நேரத்தைக் காட்ட டிவிக்காரர்களுக்குத் தைரியம் இல்லை, ரெண்டு நொடி யாரும் பேசாவிட்டால் சேனல் மாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேசமணி பள்ளியாடியில் பிறந்தவர், வக்கீல். அவரை மதுரைத் தமிழிலோ சென்னைத் தமிழிலோ பேச விட்டால் நான் அன்றே டிவியை அணைப்பேன். நம்ம பேச்சை எப்போதும் சிரிக்க வைக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். எனக்க, உனக்க என்று பேசுகிற ஒருவர் சட்டசபையிலும் டெல்லியிலும் நின்று நாலு தாலுகாவை மீட்கப் பேசினார் என்று ஒரு தடவையாவது காட்டட்டும்.

கருங்கல் கேமரா

ஐயா, இதை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். நிஜமாகவே.

சின்னத்துறை வள்ளம்

நான் டீச்சர் பக்கம். காரணம் வேறு.

நெட்ஃபிளிக்ஸில் தி கிரவுன் என்று இங்கிலாந்து ராணி கதை. ஒரே ராணிக்கு வயதுக்குத் தக்க மூன்று நடிகைகள், கிளேர் ஃபாய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன். அதில் மூன்றாவது சீசனில் அபெர்ஃபான் என்ற ஊர் வரும். 1966 அக்டோபரில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து 144 பேர் செத்தார்கள், அதில் 116 பிள்ளைகள். ராணி எட்டு நாள் கழித்துத்தான் அந்த ஊருக்குப் போனார், அது உண்மை. ஆனால் அங்கே அவர் அழவில்லை, வறண்ட கண்ணைத் துடைத்தது மாதிரி செய்தார் என்று தொடரில் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அன்று அங்கே இருந்த ஊர்க்காரர்களோ அவர் கண் கலங்கியதைப் பார்த்தோம் என்றார்கள்.

அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் கடற்கரையில் போட்டோவுக்கு மாலை போட்ட வீடுகள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், பல பேர் உடல் கூடக் கிடைக்கவில்லை. நாளைக்கு யாராவது அதைத் தொடராக எடுத்து, வந்த அதிகாரி அழுதாரா, கரையில் நின்ற பெண்ணின் மனதில் என்ன ஓடியது என்று அறையில் உட்கார்ந்து எழுதினால்? எங்கள் வீட்டு அழுகைக்கு வேறொருவர் காரணம் எழுதினால் அதைத் தாங்க முடியாது.

கருங்கல் கேமரா

அண்ணே, உங்கள் வலிக்கு முன்னால் வாதாட எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அபெர்ஃபான் என்ற பேர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்தத் தொடரில்தானே? வேல்ஸில் ஏதோ ஒரு மூலையில் அம்பது வருடத்துக்கு முன்னால் செத்த பிள்ளைகளுக்காகச் சின்னத்துறையில் ஒருவர் தூங்காமல் கிடந்திருக்கிறார் என்றால் அதைச் செய்தது அந்த நடிப்பு. ஒக்கியை இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் மறந்துவிட்டான். அவனுக்கு யார் சொல்வது?

சின்னத்துறை வள்ளம்

சரி மக்கா, நீ சொன்னது உண்மைதான். அந்தத் தொடரால்தான் தெரியும்.

ஆனாலும் கேள், அலையைக் காட்டு, வள்ளம் கவிழ்ந்ததைக் காட்டு, கரையில் பெண்கள் ராத்திரி முழுக்க நின்றதைக் காட்டு, எல்லாம் நடந்தது. ஒருவர் மனதுக்குள் புகுந்து இவர் அழுதது பொய் என்று மட்டும் எழுதாதே. அதற்குச் சாட்சி யாரும் கிடையாது.

தக்கலை டீச்சர்

வள்ளம் அண்ணன் சொன்னதுதான் நான் தேடிக்கொண்டிருந்த கோடு. சாட்சி இல்லாத இடத்தில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, வழியில் பார்த்த மழை, என்ன வேண்டுமானாலும் கற்பனை செய்யட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவதும், செய்யாத பழியைச் சுமத்துவதும் கூடாது. சாஹாவுக்கு நடந்தது அது.

நேசமணி தொடரில் எனக்குப் பெரிய பயம் பட்டம் தாணு பிள்ளையை எப்படிக் காட்டுவார்கள் என்பது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக்காகப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவிதாங்கூர் கொச்சி முதல்வர் அவர். நம்ம பக்கம் அந்தப் பேரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறும். திருவனந்தபுரத்தில் அவர் சுதந்திரப் போராட்டத் தலைவர். மீசையை முறுக்கிச் சிரிக்கும் வில்லனாகக் காட்டிவிட்டால் நமக்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கும், அங்கே தொடரையே பொய் என்று தள்ளிவிடுவார்கள், செத்தவர்களும் அதோடு பொய்யாகிவிடுவார்கள்.

கருங்கல் கேமரா

டீச்சர், அதற்குக் கற்பனையே தேவையில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அவரைப் பதவி விலகச் சொன்னது யார்? ராம் மனோகர் லோகியா. அவருடைய சொந்தக் கட்சியான பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். சொந்த சனங்களைச் சுட்ட அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது லோகியா நிலை, பட்டம் தாணு பிள்ளை விலகவில்லை, கட்சிக்குள் பெரிய பிளவு. ரெண்டு பெரிய மனிதர்கள், ஒரே கட்சி, நடுவில் நம்ம ஊர்ப் பிணங்கள். எந்த வசனகர்த்தா இதைவிடப் பெரிதாக எழுதிவிடுவான்? வில்லனே வேண்டாம்.

வடசேரி பெரியவர்

அப்படி எடுத்தால் நான் பார்ப்பேன். 1956 நவம்பர் 1 அன்று நாலு தாலுகாவும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது, அந்த நாளையும் விட்டுவிடாதே.

தக்கலை டீச்சர்

எனக்கு இன்னும் முழுசாகச் சம்மதம் இல்லை. தம்பி நேர்மையாக எடுப்பான், நம்புகிறேன். பணம் போடுகிறவர் மூன்றாம் எபிசோடில் வந்து வில்லன் எங்கே என்று கேட்பார். அப்போது நீ என்ன செய்வாய்?

புதுக்கடை பேரன்

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்க ஆச்சிக்கு அந்த ஆகஸ்டில் பத்து வயசு. சத்தம் கேட்டதும் அவளுடைய அம்மா அவளை அடுக்களையில் தள்ளிக் கதவைச் சாத்தியதும், சாயங்காலம் வரை அப்பா வராததும், வந்தபோது வேட்டியில் வேறு யாருடைய ரத்தமோ இருந்ததும் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது பேச்சு கொஞ்சம் குழறுகிறது, மதியத்துக்கு மேல் அசந்துவிடுவாள், காலையில் தெளிவாக இருப்பாள். தொடர் வருதோ இல்லையோ, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் பேச வைத்துப் பதிவு செய்யப் போகிறேன். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, பக்கத்தில் ரோடு, சத்தம் இரையும். கருங்கல் அண்ணே, சட்டையில் மாட்டுகிற மைக் உங்களிடம் இருக்குமா?

கருங்கல் கேமரா

ரெண்டு இருக்கு மக்கா. எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன்.

தக்கலை டீச்சர்

என்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன். இல்லை, வேண்டாம், நானும் வருகிறேன். புதுக்கடை ஜங்ஷனில் இறங்கி எந்தப் பக்கம் வரணும்?