புதுப்பிப்பு: 43 வயதில் பட்டயப்படிப்பு எதற்காக?

பகுதிநேரமாகத் தரவுப் பகுப்பாய்வு படிக்கலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு வழங்கிய 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைத்தான் அப்போது காரணமாகச் சொன்னேன். டொயோட்டா ஆலைகளில் பழுதின் மூலத்தைத் தேடுவதுபோல "ஏன்" என்று ஐந்து முறை கேட்டுப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் அதற்குப் பதில் எழுதினார்.

சம்பளம், பதவி உயர்வு, வேலை நிலைக்குமா என்ற அச்சம் என முதல் மூன்று விடைகள் எளிதாக வந்தன. நான்காவதில் பேனா நின்றுவிட்டது. ஈசூனில் அம்மா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், பட்டமளிப்பு அங்கியுடன் தம்பி நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. அதற்கருகே வெறும் ஆணி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த ஆணிக்காகத்தான் படிக்க நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வெட்கத்துக்கும் குற்றவுணர்வுக்கும் அஞ்சிச் செய்வதையும், தனக்கே மதிப்புடையதாகத் தோன்றுவதால் செய்வதையும் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் உளவியலாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னுடையது ஐயமின்றி முதல் வகை.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். நான் வேலை செய்யும் கிடங்கில் புதியவர்களுக்கு வேலை பழக்குவதை நான் விரும்பியே செய்கிறேன் என்பதால், அதை முறையாகக் கற்றுத்தரும் வகுப்புகளை இப்போது பார்த்துவருகிறேன். அந்த 4,000 வெள்ளிக்குக் காலாவதி கிடையாது என்பதால் அவசரமும் இல்லை.