வங்காரி மாத்தாயின் மரங்கள் எப்படித் தங்கின?

வாவிக்கரையாள், மட்டக்களப்பு:
எமது மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கென்யாவின் வங்காரி மாத்தாயைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 1971இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம், 1977இல் கிராமப் பெண்களைக் கொண்டு மரம் நடும் பசுமை வளைய இயக்கம், 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு என்பதுவரை எழுதிவிட்டேன். எங்கள் பெண்கள் கேட்கப்போவது வேறு. சென்ற ஆண்டு யூன் 5ஆம் திகதி ஒரு நிறுவனத்தார் வாவிக்கரையில் கண்டல் கன்றுகளை நட்டுப் படம் எடுத்துச் சென்றார்கள். ஆவணிக்குள் அவை பொலித்தீன் பை கழற்றப்படாத வேர்களோடு காய்ந்து கிடந்தன. அவருடைய மரங்கள் எப்படித் தங்கின?

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், களுவாஞ்சிக்குடி:
மகள், விடை கூலி கொடுத்த முறையில் இருக்கிறது. நட்டவுடன் அன்றி, கன்று உயிர் பிடித்த பின்னரே கன்றொன்றுக்கு 4 அமெரிக்க சதம் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். மரம் தங்கினால் யாருக்கு நன்மை என்று அவர்களுக்குத் தெரியும். மரம் நடுவதற்குப் படிப்பு வேண்டும் என்று வன அதிகாரிகள் கூறியபோது, பயிர் செய்யத் தெரிந்த பெண்ணுக்கு இதுவும் தெரியும் என்று மாத்தாய் நம்பினார். கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் உடைந்த பானையை வைத்து, அதில் விதை போட்டாலே நாற்றுமேடைதான்.

வாசகி, ஆரையம்பதி:
அக்கா, 1992ஐ விட்டுவிடாதீர்கள். அரசியல் கைதிகளாயிருந்த பிள்ளைகளை விடுவிக்கக் கோரி நைரோபியின் உகுரு பூங்காவில் தாய்மார் உண்ணாவிரதம் இருந்தபோது, மாத்தாயும் அவர்களோடு அமர்ந்து, பொலிசாரின் அடியில் நினைவிழந்தார். முதிய தாய்மார் சிலர், அடித்தவர்கள்மீது சாபமாகத் தம் ஆடையைக் களைந்து நின்றார்கள். மறு ஆண்டு பெரும்பாலான பிள்ளைகள் விடுதலையானார்கள். அதே பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழவிருந்ததை 1989இல் எதிர்த்து நின்றவரும் அவர்தான். அது எழுந்திருந்தால் அந்தத் தாய்மாருக்கு அமர எந்த இடம் மிஞ்சியிருக்கும்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தி எங்கள் காந்தி பூங்காவில் நிற்கும் அம்மாமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நூலக வாசகர், அக்கரைப்பற்று:
பெண்ணை ஒடுக்குவதும் இயற்கையைச் சுரண்டுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்தைச் சூழலியல் பெண்ணியம் என்பார்கள்; அப்பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லை 1974இல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் எழுதினார். ஆனால் மாத்தாய் தொடங்கியது அந்தச் சொல்லிலிருந்து அன்று, கிராமப் பெண்களின் விறகுக் குறையிலிருந்து. 2011 செப்டெம்பரில் அவர் இறந்தபோது, தமக்காக மரம் வெட்டக்கூடாது என்ற அவரது விருப்பப்படி, மூங்கிலும் கோரையும் ஆற்றுவாழையும் கொண்டு செய்த பெட்டியில் வைத்துத் தகனம் செய்தார்கள். நம் நீர்நிலைகளை மூடிக்கிடக்கும் அதே ஆற்றுவாழைதான்.

வாவிக்கரையாள்:
அனைவருக்கும் நன்றி. கூட்டத்துக்கு ஓர் உடைந்த பானையைக் கொண்டுபோகிறேன். இனிச் சங்கத்தின் பதிவுப் புத்தகத்தில், நட்ட கன்றுகளின் கணக்கை விட்டு, மாரி கழிந்து தை மாதத்தில் தங்கியிருப்பவற்றின் கணக்கையே எழுதும்படி முன்மொழியப்போகிறேன்.