லோடர் வேலைக்கு கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா?

கேள்வி: 35 ஹெச்பி டிராக்டர், முன் லோடர். பாதி நேரம் மண், எரு அள்ளுவது, மீதி உழவு. கியர் வண்டியா, பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரம் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக்கா, எதை எடுக்கலாம்?

பதில் 1: அள்ளி, பின்வாங்கி, திரும்பிக் கொட்ட ஹைட்ரோஸ்டாட்டிக்தான். முன்னே பின்னே போக பெடல் போதும், கிளட்ச் மிதிக்க வேண்டாம். குவியலில் அள்ளும்போது லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) போடுங்கள். எஞ்சின் திணறினால் பலரும் பெடலை இன்னும் அழுத்துகிறார்கள், அது தப்பு. சற்று விடுங்கள்: பம்பு தள்ளும் எண்ணெய் குறையும், அழுத்தம் கூடும், சக்கரம் இழுக்கும்.

பதில் 2: உழவும் இருக்கிறதே! ஹைட்ரோஸ்டாட்டிக்கில் சக்தியில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடாக்கியே வீணாகும். கியர் எடுத்தால் ஷட்டில் லீவர் (முன்னே, பின்னே மாற்ற ஒரே லீவர்) அவசியம். கிளட்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்தால் தட்டு சீக்கிரம் தேயும்.

பதில் 3: எதுவானாலும் பின்னால் எடை கட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கெட் நிறைந்ததும் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும்.