மார்கழியில் ஆந்தையைப் படம் எடுக்க ட்ரைபாட் வேண்டுமா, கை போதாதா?

ஒற்றைப்பனை எழுதியது:
குளிர்காலம்தான் ஆந்தை எடுக்கிற சீசன் என்று கிளம்பிப் போய் இன்று காலை 6.20க்கு எடுத்த படம் இது. மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கொல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அங்கே தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது, பனை மட்டும் நிற்கிறது. அதில் ஒரு மொட்டைப்பனைப் பொந்தின் வாயில் புள்ளி ஆந்தை, கண்ணை அகல விரித்து நேராக லென்ஸைப் பார்க்கிறது. 400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/80 விநாடி, ஐஎஸ்ஓ 3200, வெறும் கை. ட்ரைபாட் இல்லாமல் ஆந்தை எடுக்கவே முடியாது என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குச் சமர்ப்பணம்.

முக்காலி மாறன் எழுதியது:
அந்த ஒருவர் நான்தான். படம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. எத்தனை அடித்து இது தேறியது என்பதையும் சொல்லிவிடுங்கள். கையில் பிடித்து எடுக்க, 400 மி.மீ. லென்ஸுக்குப் பழைய கணக்குப்படி ஷட்டர் 1/400 விநாடி வேண்டும். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆந்தையின் அசைவை இல்லை. அது தலையைத் திருப்புகிற நேரத்தில் 1/80 என்றால் கண் இரண்டும் தோசை மாவு மாதிரி இழுபட்டுவிடும்.

ஒற்றைப்பனை எழுதியது:
நாற்பத்திரண்டு அடித்தேன், நாலு தேறியது. பொய் சொல்லவில்லை.

ஆனால் ஆந்தைக்குக் கண்ணை உருட்ட முடியாது சார். வேறு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத்தான் திருப்பியாக வேண்டும். திருப்பி முடித்ததும் இரண்டு மூன்று விநாடி கல்லாக நிற்கும். அந்த நேரத்தில் முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, வரிசையாக எட்டு அடிக்க வேண்டும். முதல் படம் விரல் அழுத்தியதில் ஆடியிருக்கும். மூன்றாவது நாலாவதைப் பாருங்கள், இறகு இறகாக எண்ணலாம்.

அப்புறம் ட்ரைபாடை எங்கே வைப்பது? சம்பா வயல் வரப்பு ஒன்றரைச் சாண் அகலம். ஒரு கால் வரப்பில், இரண்டு கால் சேற்றில். போன வருடம் அப்படி வைத்துவிட்டு ஃபோகஸ் செய்துகொண்டிருந்தேன், ஆந்தை மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. பார்த்தால் கேமரா கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

முக்காலி மாறன் எழுதியது:
சிரித்துவிட்டேன். சரி, வரப்பில் வேண்டாம். ரோட்டோரம் காரை நிறுத்தி ஜன்னலிலிருந்து எடுங்கள். பழைய பேன்ட் கால் ஒன்றை வெட்டி, உமி நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்து ஜன்னல் மேல் போட்டால் லென்ஸ் அதில் பதிந்து உட்காரும். நம் ஊரில் உமிக்கா பஞ்சம்? ஏசி மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். குளிர்ந்த லென்ஸ் மார்கழிக் காற்றில் பட்டதும் வேர்த்துவிடும், அது தெளிவதற்குள் விடிந்துவிடும்.

வரப்புநண்டு எழுதியது:
எதற்கு இத்தனை சண்டை? ஒரு ஃப்ளாஷ் அடித்தால் முடிந்தது.

சம்பாக்காரர் எழுதியது:
தம்பிகளா, நான் படம் எடுப்பவன் இல்லை. பதினைந்து மா நிலம் வைத்திருப்பவன். என் மகன் இந்தத் திரியைக் காட்டினான்.

ஃப்ளாஷ் தம்பிக்கு ஒன்று. இருட்டுக்காகவே அமைந்த கண் அது. உங்கள் பைக் எதிரே ஹைபீமில் லாரி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற இருவருக்கும்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குளிர்காலம்தான் ஆந்தை எடுக்கிற சீசன் என்பது குளிர்நாட்டுப் பேச்சு. அங்கே மரம் இலை கொட்டிவிடும், ஒளிந்திருப்பது தெரியும். நம் பக்கம் அப்படியா? புள்ளி ஆந்தைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையும் குஞ்சுமான காலம். பொந்து வாயில் உட்கார்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் அங்கே உட்கார்ந்திருந்தது என்று யோசித்தீர்களா? நீங்கள் எத்தனை அடியில் நின்றீர்கள்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று இல்லை.

எனக்கு இதில் சுயநலமும் உண்டு. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எலி இறங்கினால் தூரோடு அறுத்துப் போட்டுவிடும். அதற்காகத்தான் தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நட்டு வைக்கிறோம், ராத்திரி கூகை என்கிற வெண்முக ஆந்தை வந்து உட்காரட்டும் என்று. எங்கள் களத்துப் பக்கத்துப் பனைக்கடியில் கூகை கக்கிய உருண்டை கிடக்கும். கட்டைவிரல் பருமன், கறுப்பு, மேலே வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு மினுமினுப்பு. போன வாரம் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். எலி மயிருக்குள் மூன்று மண்டை ஓடு, பல் மஞ்சளாக அப்படியே இருந்தது.

ஒற்றைப்பனை எழுதியது:
ஐயா, இருபது அடி. நாலே நிமிடம். கையில் கேமரா என்பதால் வந்த வேகத்தில் திரும்பிவிட்டேன். ட்ரைபாட்காரர்கள்தான் ஒரு மணி நேரம் நங்கூரம் போடுவார்கள், அவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் கோபிக்காமல் ஒன்று. வயலில் புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டியை வைக்கிறார்களே, அதைத் தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடிப்பது கூகைதான். நான் நின்ற நாலு நிமிடத்தைவிட அது பெரிய கேடு இல்லையா?

முக்காலி மாறன் எழுதியது:
கையில் இருந்ததால்தான் இருபது அடிக்குப் போனீர்கள்! ஐந்து கிலோ சுமந்துகொண்டு வருகிறவன் அறுபது அடியிலேயே இறக்கி வைத்துவிடுவான். சோம்பேறித்தனம்தான், ஆனால் ஆந்தைக்கு நல்லது.

சம்பாக்காரர் எழுதியது:
எலி மருந்து விஷயத்தில் தம்பி சொல்வது நியாயம். நானும் வைத்தவன்தான். இரண்டு வருடமாக விட்டுவிட்டேன், தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறிதான். மூங்கில் வில், எலிக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து வயல்காரர் இன்னும் மருந்துதான் வைக்கிறார். அதற்காக உங்கள் இருபது அடி சரியாகிவிடாது.

வெட்டாற்றங்கரை எழுதியது:
ஒற்றைப்பனைத் தம்பி, அந்த இருபது அடியை நானும் செய்தவள். மூன்று வருடம் முன்பு, தை மாதம், பொழுது நன்றாக விடிந்த பிறகு ஒரு கூகையின் பொந்துக்குக் கிட்டே போனேன். பறந்துவிட்டது. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முதலில் இரண்டு காக்கை, பிறகு பத்துப் பன்னிரண்டு. மூங்கில் புதருக்குள் விழுந்து ஒடுங்கிக்கொண்டது. சாயங்காலம்வரை பொந்துக்குத் திரும்பவே இல்லை. உள்ளே குஞ்சு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆந்தையே சொல்லிவிடும், பார்க்கத் தெரிந்தால் போதும். கண்ணைப் பாதி மூடி, இறகை உப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் அதற்கு ஒரு பொருட்டில்லை. உடம்பை ஒல்லியாக்கிக் கண்ணை விரித்தாலோ, தலையை மேலும் கீழும் ஆட்டினாலோ ஏற்கெனவே அதிகம் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இதெல்லாம் இங்கேயே கூடு கட்டுகிறவற்றுக்கு. கடலோரப் புல்வெளிக்கு வலசை வரும் குட்டைக்காது ஆந்தைக்குக் கூட்டுப் பிரச்சினை இல்லை, அதற்காக அதைத் துரத்திக்கொண்டு ஓடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒற்றைப்பனை எழுதியது:
அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அந்த நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றில் ஆந்தை ஒல்லியாக, கண் விரிந்து நிற்கிறது. இங்கே போட்டதும் அதில் ஒன்றுதான். ஒன்றில் மட்டும் உப்பிக்கொண்டு, ஒரு கண் மூடி உட்கார்ந்திருக்கிறது. வாய்க்கால் மதகில் நின்று முதலில் எடுத்தது, தொண்ணூறு நூறு அடி இருக்கும். நாலில் அதுதான் கொஞ்சம் ஆடியிருக்கிறது.

முக்காலி மாறன் எழுதியது:
அந்த ஆடிய படத்தைப் போடுங்கள், பார்ப்போம்.

ஒற்றைப்பனை எழுதியது:
போடுகிறேன். இடம் தெரிந்து கூட்டம் போகாமல் இருக்க ஊர்ப் பெயரையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் ட்ரைபாட் தூக்க மாட்டேன் சார். உமி மூட்டைக்கு பேன்ட் காலை எத்தனை அங்குலம் வெட்ட வேண்டும்?