“சேவைக் கட்டணம் இல்லை” என்கிற ஏஜென்சி: 45 இலட்சத்துக்கு லண்டனா, ஜேர்மனியா?

உவர்மலை_2ஆம்_ஒழுங்கை கேட்டது:

வணக்கம். ஏ.எல் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம். இணைந்த கணிதம் சி, பௌதிகவியல் பி, இரசாயனவியல் சி. பிள்ளைக்கு வயது 19, விருப்பம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பெற்றோரின் கையில் மொத்தம் 45 இலட்சம், அதில் 30 நிலையான வைப்பில் கிடக்கு.

திருகோணமலை டவுனில் ஒரு ஏஜென்சி சொல்வது: “எங்களுக்கு ஒரு சதமும் தர வேண்டாம். லண்டனில் ஒரு வருசம் பவுண்டேசன் (டிகிரிக்கு முந்திய ஆயத்தப் படிப்பு), பிறகு டிகிரி. பார்ட் டைம் வேலை செய்து மிச்ச பீஸைக் கட்டலாம்.” ஜேர்மனி பற்றிக் கேட்டால் “அது உங்களுக்குச் சரிவராது” என்று ஒரு வரியில் முடிச்சிட்டினம்.

சதமும் வாங்காமல் இவை எப்படித் தொழில் நடத்தினம்? 45 இலட்சம் எந்த நாட்டுக்குக் காணும்? கடிதங்கள் எல்லாத்துக்கும் கொழும்புக்கு ஓடத்தான் வேணுமா?

மடத்தடிச்_சந்தி:

முதல் கேள்வியிலேயே மற்றதுக்கும் பதில் பாதி கிடக்கு.

ஏஜென்சிக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். பிள்ளை போய்ச் சேர்ந்து பீஸ் கட்டினதும், முதல் வருடக் கட்டணத்தில் ஒரு வீதம் கமிஷனாக வரும். 10 தொடக்கம் 20 வீதம் வழமை, சில இடத்தில் அதுக்கு மேலயும். பவுண்டேசனுக்கு அனுப்பினாலும் கமிஷன் உண்டு. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. பூச்சியத்தில் 15 வீதம் பூச்சியம்தான். “சரிவராது” என்றது யாருக்கு என்று இப்ப விளங்கும்.

இதில் களவு ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. ஆனால் கடைக்காரர் தன் கடையில் இருக்கிற சாமானைத்தான் காட்டுவார். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலங்கைக்கான ஏஜென்ட் பட்டியலில் இவர்களின் பெயர் இருக்கா என்று முதலில் பாருங்கோ. அவுஸ்திரேலியாவில் இப்படிப் பட்டியல் போடுவது சட்டக் கட்டாயம்.

இனி லண்டன் கணக்கு. பவுண் 400 ரூபா என்று வைப்போம்.

நேரடி டிகிரி, லண்டன் நகரத்துக்கு வெளியே, வருடக் கட்டணம் 14,000 பவுண் என்று ஒரு உதாரணம். (இன்ஜினியரிங்குக்கு இது குறைந்த பக்கம்.) இதோட வாழ்க்கைச் செலவுக்கு என்று விசாவுக்குக் காட்ட வேண்டியது மாதம் 1,171 பவுண் வீதம் 9 மாதம், அதாவது 10,539. 2025 நவம்பர் 11 இல் இருந்து இந்த அளவு. நகரத்துக்குள்ளே என்றால் மாதம் 1,529. சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 776. மூன்று வருட டிகிரிக்கு விசா மூன்று வருடத்துக்கு மேல் தருவதால் மூன்றரை வருடக் காசு, 2,716 பவுண், விண்ணப்பிக்கும்போதே ஒரே தரத்தில் கட்ட வேணும். கூட்டினால் 27,255 பவுண். ஒரு கோடியே 9 இலட்சம் ரூபா. விசாக் கட்டணமும் டிக்கெட்டும் இதுக்குள்ள இல்லை.

உங்கட 45 இலட்சத்தில் அந்த 9 மாதச் செலவைக் காட்டவே 42 இலட்சம் போயிடும்.

பார்ட் டைம் கதைக்கு வருவோம். டிகிரி மட்டத்தில் படிக்கிறவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். டிகிரிக்குக் கீழ் மட்டத்துக்கு விசா எடுத்தவருக்கு, தனிப் பவுண்டேசன் இதுக்குள்ளதான் வரும், வாரம் 10 மணித்தியாலம் மட்டும். 18 தொடக்கம் 20 வயது வரைக்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஏப்ரலில் இருந்து மணிக்கு 10.85 பவுண். நாலு கிழமைக்கு 434. மாதச் செலவுக்கே 1,171 வேணும் என்று அரசாங்கமே சொல்லுது. பீஸ் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. விசாவுக்குக் காட்டும் காசு கணக்கில் 28 நாள் கிடக்க வேணும். “28 நாளைக்குக் காசை எக்கவுண்டில் போட்டுத் தாறம், வட்டி மட்டும் தாங்கோ” என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்க வேண்டாம். பொய் ஆவணம் என்று பிடிபட்டால் 10 வருடம் வரை விசா மறுப்பு.

ஆறாம்_கட்டை:

ஜேர்மனி பக்கத்தை நான் எழுதுறன். பீஸ் இல்லை என்றதும் எல்லாரும் பாயினம், ஆனால் அங்கே விலை பாஷையிலயும் காலத்திலயும் இருக்கு.

தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்து “ஏபிஎஸ் சான்றிதழ் எடுக்க வேணும்” என்று இங்கே பலர் அலையினம். கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் அந்தக் கடிதம் இந்தியா, சீனா, வியட்நாம் மாணவருக்கு. இலங்கையருக்கு இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது, வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு ஜேர்மனியில் என்ன மதிப்பு என்று காட்டும் அனபின் இணையத் தரவுத்தளம். அதில் இலங்கை ஏ.எல்லுக்குப் போட்டிருக்கிற நிபந்தனையைப் பிள்ளையின் பெறுபேறோடு ஒப்பிடுங்கோ. நேரடி அனுமதிக்குக் காணாது என்றால் ஸ்டுடியன்கொலெக் என்கிற ஆயத்த வருடம். இன்ஜினியரிங்குக்கு அதில் டி-கோர்ஸ். அரச ஸ்டுடியன்கொலெக்கில் பீஸ் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். உள்ளே போக நுழைவுப் பரீட்சை உண்டு: ஜெர்மன் மொழியும் கணிதமும். இணைந்த கணிதம் செய்த பிள்ளை கணிதத்தில் தடுமாறாது, விழுத்துறது ஜெர்மன்தான். நுழைவுக்கு ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 மட்டம் கேட்பினம், டிகிரிக்கு டெஸ்ட்டாவ் 4 அல்லது டிஎஸ்எச் 2 என்கிற மொழிப் பரீட்சைப் பெறுபேறு. இளநிலை இன்ஜினியரிங் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கிறது மிகக் குறைவு, கிடைப்பதில் பல தனியார், பீஸ் உள்ளது. பூச்சியத்தில் இருந்து பி2 வர முழுநேரம் படித்தாலும் ஒரு வருடம் என்று வையுங்கோ. பிறகு ஆயத்த வருடம் ஒன்று. அதன் பிறகுதான் டிகிரி தொடங்கும்.

விண்ணப்பம் பல இடங்களில் யூனி-அசிஸ்ட் என்கிற பொது விண்ணப்பச் சேவை வழியாக. முதல் தெரிவுக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் ஒவ்வொரு மேலதிகத் தெரிவுக்கும் 30. குளிர்கால செமஸ்டருக்குப் பொதுவான கடைசித் திகதி ஜூலை 15, ஸ்டுடியன்கொலெக்குக்கு முன்னதாகவே முடியும் இடங்கள் உண்டு. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் அரச பல்கலைக்கழகமும் வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கும். ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்காமல் மாநிலத்தைப் பாருங்கோ.

பெரிய தொகை, விசாவுக்காக முன்கூட்டியே காசைப் போட்டுப் பூட்டி வைக்கிற முடக்கக் கணக்கு: வருடத்துக்கு 11,904 யூரோ. யூரோ 350 என்றால் 41 இலட்சத்து 66 ஆயிரம். இது பீஸ் இல்லை, பிள்ளையின் சாப்பாட்டுக் காசு. அங்கே போனதும் மாதம் 992 வீதம் திரும்பக் கையில் வரும். விசா மறுத்தால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி மீட்கலாம். சரியாக 11,904 அனுப்பினால் இடையில் இருக்கிற வங்கி 20, 30 யூரோ கழிச்சிடும், தொகை குறைந்தால் உறுதிக் கடிதம் வராது. அதனால் கணக்கு நிறுவனம் கேட்கும் தொகைக்கு மேலே 50 யூரோ கூட்டி, “செலவு முழுக்க அனுப்புபவருக்கு” என்று வங்கிப் படிவத்தில் குறிச்சு அனுப்புங்கோ. மிஞ்சினது திரும்பி வரும்.

ஆக 45 இலட்சம் ஒரு வருடத்துக்கு மட்டுமட்டாகக் காணும். அங்கே வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலைக்கு அனுமதி உண்டு. ஆனால் இரண்டாம் வருடத்துக்கு விசா நீடிக்கவும் காசு இருக்கிறதைக் காட்ட வேணும்.

உவர்மலை_2ஆம்_ஒழுங்கை:

இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. தாய்மாமா லண்டனில் இருக்கிறார், அவரின் வங்கிக் கூற்றைக் காட்டலாம் என்று ஏஜென்சி சொன்னது. அடுத்தது, ஏ.எல் சான்றிதழில் முதலெழுத்தோடு பெயர், பாஸ்போட்டில் முழுப்பெயர். பிரச்சினை வருமா?

சாம்பல்தீவு_பாலம்:

மாமாவின் கணக்கு செல்லாது. பிரித்தானிய மாணவர் விசாவுக்குப் பிள்ளையின் சொந்தக் கணக்கு, தாய் தகப்பன் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலரின் கணக்கு, இவைதான். மாமா உதவுவதென்றால் காசைப் பெற்றோர் கணக்குக்கு அனுப்பட்டும். முழுத்தொகையும் சேர்ந்த நாளில் இருந்து 28 நாள், ஒரு நாள்கூட ஒரு ரூபா குறையாமல் கிடக்க வேணும். கூற்றின் கடைசித் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் இருக்க வேணும். தாயின் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேரும். நிலையான வைப்பைக் காட்டினால், வேண்டிய நேரம் மீளப் பெறலாம் என்ற வங்கிக் கடிதம் தேவை.

ஜேர்மனிக்கு விதி வேறு. அந்த நாட்டிலேயே வசிக்கிற, போதிய வருமானம் உள்ள உறவினர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் கையெழுத்திட்டால் முடக்கக் கணக்குக்குப் பதிலாக அதை எடுப்பினம். எங்கட சனத்துக்கு அங்கே யாராவது இல்லாமலா?

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், கோப்பைக் கிடப்பில் போடுவது அதுதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதுவார். தகப்பன் பெயரில் ‘த’வுக்கு ஒரு கடிதத்தில் ‘டி’, இன்னொன்றில் ‘டி-எச்’. முடிவில் மூன்று கடிதத்தில் மூன்று தகப்பன். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போட் பிரதியைக் கையில் கொடுத்து “இந்த எழுத்துத்தான்” என்று சொல்லுங்கோ. முதலெழுத்துச் சிக்கலுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிச்சு வையுங்கோ.

கொழும்புக்கு எல்லாத்துக்கும் ஓடத் தேவையில்லை. கடிதங்களை அத்தாட்சிப்படுத்தும் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கு. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் பரீட்சைத் திணைக்களத்தின் உறுதிப்படுத்தல், இதை இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அதன் பிறகே கொன்சியூலர். மாறிப் போனால் திருப்பி அனுப்புவினம். லண்டன் விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனை கொழும்பில்தான். காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும், ஆறப்போட வேண்டாம்.

ஐஈஎல்டிஎஸ்ஸிலும் ஒரு பொறி இருக்கு. டிகிரிக்குக் கீழ் மட்டப் பவுண்டேசன் என்றால் ‘யூகேவிஐ’ என்று பெயர் உள்ள, பிரித்தானிய விசாவுக்கென்றே நடத்தும் பரீட்சை எழுத வேணும். சாதாரண அகடமிக் எழுதிவிட்டுப் பிறகு இரண்டாம் தரம் காசு கட்டுறவை கனபேர்.

ஆலங்கேணி:

எல்லாரும் வெளிநாட்டிலயே நிக்கிறியள். பெறுபேறு மோசமில்லை. இங்கத்தைய அரச பல்கலைக்கழகங்களுக்கான யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தைப் போடாமல் விட வேண்டாம். மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம், அதுக்கு மேல் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் திருகோணமலை வருது. வெட்டுப்புள்ளி வருடம் வருடம் ஆடும். இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும், இந்தியாவில் படிக்கிறதுக்கான ஐசிசிஆர் புலமைப்பரிசிலையும் பாருங்கோ.

மலேசியா என்றால் பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகக் கிளைகள் அங்கே உண்டு. மொனாஷ் 1998 இல், நொட்டிங்ஹாம் 2000 இல் தொடங்கினவை. அந்த நாட்டுச் செலவில் இருந்து அதே பட்டம். எங்கே போனாலும் அந்த இன்ஜினியரிங் டிகிரிக்கு, நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றது ஏற்கிற வாஷிங்டன் உடன்படிக்கையின் அங்கீகாரம் இருக்கா என்று கேளுங்கோ. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் இருந்து அதில் உறுப்பினர், திரும்பி வந்து பதிவு எடுக்க அது உதவும்.

உவர்மலை_2ஆம்_ஒழுங்கை:

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டாட்டி இடம் போயிடும் என்று இப்ப அழைப்பு வந்தது. படித்து முடிய இரண்டு வருசம் அங்கேயே வேலை செய்யலாம் என்றும் சொல்லினம்.

மடத்தடிச்_சந்தி:

அந்த இரண்டு வருடம் பழைய கதை. 2027 ஜனவரி 1 இல் இருந்து விண்ணப்பிக்கிற இளநிலைப் பட்டதாரிக்கு 18 மாதம்தான். உங்கட பிள்ளை முடிக்க 2030 ஆகும்.

வெள்ளிக்கிழமை யார் வைத்த கெடு என்று கேளுங்கோ. பல்கலைக்கழகம் வைத்தது என்றால் ஓபர் லெட்டரில் திகதி அச்சடிச்சிருக்கும். அந்தக் கடிதத்தை மாணவரின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கோ. விண்ணப்பத்தில் ஏஜென்சியின் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கோ. விசா மறுத்தால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும் என்ற பக்கத்தையும் வாங்கிப் படியுங்கோ. பொய் ஆவணத்தால் மறுப்பு வந்தால் திருப்பித் தராத இடங்களே கூட. கட்டுறதென்றாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு, உங்கள் வங்கி மூலம். ஏஜென்சியின் கணக்கு இலக்கத்தைத் தந்தால் கட்ட வேண்டாம்.