ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) ஜெல் தடவுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டாகிறது. மார்கழிப் பனியில் கோலம் போடும்போதே கழுத்திலிருந்து அனல் ஏறி ரவிக்கை நனைந்துவிடுகிறது. கோலமாவு ஈர விரலில் ஒட்டிக்கொண்டு கம்பி இழுக்க வருவதில்லை.

தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர் கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், இரவில் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாமாம்; அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரையாம். விழுங்கும் மாத்திரையைவிட ஜெல்லில் இரத்தம் உறையும் ஆபத்து குறைவு என்றும் சொன்னார். கும்பகோணத்து நாத்தனாரோ, "எனக்கு ஜெல் மட்டும்தானே, உனக்கு எதற்கு மாத்திரை?" என்கிறார். அவருக்குக் கருப்பையை எடுத்தாயிற்று என்பது அவருக்கே மறந்துவிட்டது!

என் கவலை வேறு. சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன். அதுவரை ஜெல் அலமாரியில்தான். குடும்பத்தில் இப்படி இருந்தவர்களுக்கு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தவிர வேறென்ன பார்த்தார்கள்? தடவிய இடம் குழந்தைகள் மேல் படக்கூடாதாமே, பேரனைத் தூக்கும் பாட்டிகள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?