ஆண்டவருக்குக் கழுதை தேவைப்பட்டதா?

ஒலிவமலை:
இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் ஊர்வலமாக வந்ததை நினைக்கும் குருத்தோலை ஞாயிறு பிரசங்கம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். போதகர் சொல்கிறார்: "ஆண்டவருக்கே ஒரு கழுதை தேவைப்பட்டது. நீ தேவைப்பட மாட்டாயா?" சபையே ஆமென் போடுகிறது. அடுத்த நிமிடம் கட்டட நிதிக் கவர் சுற்றி வருகிறது. இவர் அப்போஸ்தலர் 17:25 வாசித்ததே இல்லையா? ஏதென்சில் கோயில்களுக்கு நடுவே நின்றுகொண்டு பவுல் சொல்கிறார், தமக்கு ஏதோ தேவை என்பதுபோல தேவன் மனுஷர் கையால் பணிவிடை கொள்ளுகிறதில்லை என்று. சங்கீதம் 50:12 இன்னும் பச்சை: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." இவருக்குக் கழுதை தேவையாம்!

கிருபை மகள்:
பிரதர், அதே பிரசங்கத்தை நான் நேரில் கேட்டேன், அழுதுவிட்டேன். மத்தேயு 21:3ஐத் திறந்து பாருங்கள். "இவைகள் ஆண்டவருக்கு வேண்டும்." இயேசுவே சொன்னது. போதகர் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

ஒலிவமலை:
வேண்டும் வேறு, தேவை வேறு சிஸ்டர். எனக்கு இப்போது காபி வேண்டும். கிடைக்காவிட்டால் செத்துவிட மாட்டேன்.

சும்மா ஒருவன்:
பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "தேவை" என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் கிரெயா. அதற்கும் தேவை என்றுதான் அர்த்தம். காபியை நீங்களே குடித்துக்கொள்ளுங்கள்.

ஒலிவமலை:
வந்துவிட்டார் கிரேக்கப் பண்டிதர். அப்போஸ்தலர் 17:25இல் கிரெயாவா இருக்கிறது? அங்கே வேறு சொல். பவுல் பேசுவது தேவனுடைய இருப்பைப் பற்றி. "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று மோசேயிடம் சொன்னவர், ஜீவனை யாரிடமும் கடன் வாங்காதவர். யோவான் 5:26: "தம்மில்தாமே ஜீவனுடையவர்". கழுதை வந்தது ஊர்வலத்துக்கு. அவர் உயிரோடிருக்க அல்ல.

சும்மா ஒருவன்:
5:26ஐ முழுதாகப் போடுங்கள். குமாரனுக்கு அதைப் பிதா "அருள்செய்திருக்கிறார்". ஒருவர் கொடுத்து வந்தது எப்படித் தன்னிறைவு?

ஒலிவமலை:
குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுஸ் 325இல் நிசேயா சங்கத்தில் தோற்ற கேஸ் அது. மறுபடி அப்பீல் போடாதீர்கள். போன வருஷம் தசமபாக விவாதத்தில் வாங்கியது போதாதா?

சும்மா ஒருவன்:
அதில் நான் தோற்கவில்லை. நடத்துநர் பாதியில் பூட்டிவிட்டார். சரி, கழுதைக்கு வாருங்கள். கிரெயா என்றால் என்ன?

பாளையங்கோட்டைத் தாத்தா:
தம்பிகளா, 451இல் கல்கெதோன் திருச்சபைச் சங்கத்தில் முடிந்த விஷயம். ஒரே ஆள், இரண்டு சுபாவம். மனுஷ சுபாவத்தில் சீகார் கிணற்றடியில் தண்ணீர் கேட்டார். கழுதை ஏறிய மறுநாளே பசியோடு அத்திமரத்தைத் தேடிப் போனார், மாற்கு 11:12. கழுதையும் அந்தக் கணக்குதான். அப்புறம், கழுதை ஒன்றா இரண்டா? மத்தேயுவில் தாயும் குட்டியும், மாற்குவில் குட்டி மட்டும்.

கிருபை மகள்:
மனுஷனாகக் கேட்டார் என்றால் "ஆண்டவருக்கு" என்று ஏன் சொல்லச் சொன்னார் ஐயா?

ஒலிவமலை:
இதற்குத்தான் லூக்கா 19:33ஐ வாசிக்க வேண்டும். குட்டியின் "உடையவர்கள்" ஏன் அவிழ்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். உடையவர்களுக்கும் ஆண்டவருக்கும் அங்கே ஒரே கிரேக்கச் சொல், கூரியோஸ். சின்ன உடையவர்களிடமிருந்து பெரிய உடையவர் எடுக்கிறார். தன் சொத்தைத் தான் எடுப்பவனுக்கு அதைத் "தேவை" என்பீர்களா?

சும்மா ஒருவன்:
தன் சொத்தென்றால் மாற்கு 11:3இல் "திருப்பி அனுப்பிவிடுவார்" என்று ஏன்? திருப்பிக் கொடுப்பது இரவல் வாங்கினவன்.

ஒலிவமலை:
பழைய மொழிபெயர்ப்பில் அனுப்புவது கழுதைக்காரன்!

பாளையங்கோட்டைத் தாத்தா:
ஒன்றா இரண்டா என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கழுதைமேல் வரும் ராஜாவைப் பற்றிய சகரியா 9:9ஐப் பாருங்கள்.

ஒலிவமலை:
தாத்தா, அதற்குத் தனி இழை போடுங்கள். எல்லாரும் கழுதையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்தக் கவரைப் பற்றி ஒருவராவது வாய் திறந்தீர்களா?

கிருபை மகள்:
நான் 500 ரூபாய் போட்டேன். ஆண்டவருக்குத்தான் போட்டேன்.

ஒலிவமலை:
அவருக்கு அது தேவையில்லை என்றுதானே காலையிலிருந்து கத்துகிறேன்!

சும்மா ஒருவன்:
கிரெயா.